செண்பகவடிவு எதிரே வராத மாதங்கள்

என் வாயில் மிச்சமிருக்கிற பற்களின் மேல் சத்தியம், அது போதாதென்றால் நான் கண்டதையும் கடிக்கக்கூடாது என்று என் வீட்டுக்காரி ஒளித்துவைத்திருக்கும் பல்செட்டின் மேலும் சத்தியம், நான் சொல்லப்போவதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. பொய் சொல்கிறவன் நம்பும்படியாகத்தான் சொல்வான். நான் சொல்லப்போவது நம்பும்படியாகவே இருக்காது, அதிலிருந்தே உங்களுக்குத் தெரியவேண்டாமா. ஆயுசு முழுக்கக் கண்டக்டராக இருந்தவன் நான், பொய்யை எங்கே வைக்கலாம், எங்கே வைக்கக்கூடாது என்பது எனக்குத் தெரியும்.

தென்காசிக்குக் கிழக்கே, மலை கண்ணுக்குத் தெரிந்தும் மழை மட்டும் எட்டாத பொட்டல்விளாகம் என்ற ஊருக்கு ஒரே ஒரு பஸ் போய்க்கொண்டிருந்தது. தார் ரோடு அந்த ஊரோடு முடிந்துவிடும். சாயங்காலம் போய் வேப்பமரத்தடியில் தங்கி, விடிகாலையில் ஆளேற்றிக்கொண்டு டவுனுக்குத் திரும்பும் பஸ். ஓட்டுகிறவர் ஜெயபாண்டி, விசில் அடிக்கிறவன் நான். ஊருக்கு வெளியே ஓர் ஓடைப்பாலம் உண்டு, அதுதான் எல்லை.

அந்த ஊரில் செண்பகவடிவு என்று ஒருத்தி இருந்தாள். கிணறு வெட்டுகிற இடத்தில் வெடி வைத்தபோது புருஷன் கல்லோடு கல்லாகப் போனான். மகள் உலகம்மாள் அப்போது வயிற்றில். பீடி சுற்றித்தான் மகளை வளர்த்தாள், ஒருத்தர் வம்புக்கும் போகாதவள். ஆனால் தண்ணீருக்குப் போகாமல் இருக்க முடியாதே. ஊர்க்கிணறு தெருமுனையில், பஸ் நிற்கிற வேப்பமரத்துக்கு எதிரே இருந்தது. ஆக, ஊரைவிட்டுப் புறப்படுகிற எவனும், வேலை கேட்டுப் போகிறவனானாலும், பெண் பார்க்கப் போகிறவனானாலும், வாய்தாவுக்குக் கோர்ட்டுக்குப் போகிறவனானாலும், கழுத்தில் ஒன்றுமில்லாமல் இடுப்பில் பித்தளைக் குடத்தோடு எதிரே வருகிற செண்பகவடிவைப் பார்க்காமல் புறப்பட முடியாது. பார்த்தால் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், எல்லா ஊரிலும் செய்கிறதுதான்: முகத்தைச் சுளித்து, வந்த வழியே வீட்டுக்குத் திரும்பி, கொஞ்சம் உட்கார்ந்து, ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு, மறுபடி புறப்படுவார்கள். ஜெயபாண்டி ஓடுகிற இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கிப் போய் முகம் கழுவி, டயருக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து, மறுபடி கிளப்புவார். டவுனில் ஏன் தாமதம் என்று கேட்டால் "குடம் எதிர வந்துட்டு" என்று சொன்னால் போதும், மேற்கொண்டு கேட்கமாட்டார்கள்.

அவளும் சும்மா இருக்கவில்லை. தன்னால் ஒருத்தர் காரியம் கெடவேண்டாம் என்று மற்றவர்கள் எழுவதற்கு முன்னால் எழுந்து தண்ணீருக்குப் போவாள். அவளுக்கு முன்னால் புறப்பட்டுவிட வேண்டும் என்று மற்றவர்கள் அதைவிடச் சீக்கிரம் எழுவார்கள். அதைத் தெரிந்துகொண்டு அவள் அதற்கும் முன்னால் எழுவாள். இப்படி ஒருத்தரை ஒருத்தர் தவிர்க்கப் போய் அந்த ஊரே சேவலுக்கு முன்னால் விழிக்கிற ஊராகிவிட்டது, சேவல்கள் வெட்கப்பட்டுக் கூவுவதையே விட்டுவிட்டன. அப்படியும் தெருமுனையில் சந்தித்தே தீர்ந்தார்கள். ஆள் வந்தால் அவள் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நிற்பாள், குடத்துத் தண்ணீர் மட்டும் தளும்பும்.

ஆவணி மாதத்தில் உலகம்மாளுக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை தங்கப்பழம் கரிசல் பக்கத்துக்காரன், லாரி ஆபீஸில் வேலை, அம்மா சொல்லைத் தட்டாதவன். அம்மா பெயர் பூரணம். அவளைப் பொல்லாதவள் என்று நான் சொல்லமாட்டேன். சொல்லவேண்டியதை அவ்வளவு தன்மையாகச் சொல்கிறவளை அதற்குப் பிறகு நான் பார்த்ததில்லை. முகூர்த்தத்துக்குக் கொஞ்சம் முன்னால் செண்பகவடிவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மதினி, நீங்க தப்பா எடுத்துக்கிடப்படாது. தாலி கட்டுத நேரம் மட்டும் அரங்குக்குள்ள இருந்துக்கிடுங்க. உங்க பிள்ளை நல்லா இருக்கணும்னுதான் சொல்லுதேன்."

"நீங்க சொல்லணுமா மதினி. நானே போயிருப்பேன். விளக்குத் திரியை மட்டும் தூண்டிவிட்டுட்டுப் போறேன்."

"அதையும் வேற யாராச்சும் பாத்துக்கிடுவாங்க மதினி."

அரங்கு என்றால் அந்தப் பக்கத்து வீடுகளின் உள்ளறை. நெல்லும் பாத்திரமும் வைக்கிற இருட்டறை, கையளவு ஜன்னல் ஒன்று இருக்கும். செண்பகவடிவு தன் பித்தளைக் குடத்தையும் எடுத்துக்கொண்டு, அதுவும் யார் கண்ணிலும் படவேண்டாம் என்று, உள்ளே போனாள். கெட்டிமேளம் கொட்டி முடிந்ததும் உலகம்மாள் மாலையோடு வந்து கதவைத் தட்டினாள்.

"எம்மா, முடிஞ்சிட்டு. வெளிய வா. உன் கால்ல விழணும்."

"கதவுக்கு விழு தாயி. எனக்கு வந்து சேந்துரும்."

"எம்மா."

"நீ நல்லபடியாப் போய்ச் சேரணும். நீ எல்லை தாண்டுத வரைக்கும் நான் வெளிய வரமாட்டேன், அம்மன்மேல ஆணை. நீ போ."

உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது. பூரணத்துக்குச் சம்பந்தியின் மேல் மரியாதை கூடியது. இப்படி ஒரு தாய் வேண்டுமே என்று எல்லாரிடமும் சொன்னாள்.

மாப்பிள்ளை வீட்டார் எங்கள் பஸ்ஸைத்தான் அமர்த்தியிருந்தார்கள். சாப்பாடு முடிந்து, பெண்ணையும் சீர்ப்பாத்திரங்களையும் ஏற்றி, ஜெயபாண்டி சாவியைத் திருப்பினார். எதிரே யாருமில்லை. "கண்டக்டரே, என் சர்வீஸ்ல இன்னைக்குத்தான் இந்த ஊர்ல ஒரே கிளப்புல கிளம்புது," என்று சிரித்தார். பாலம் வந்தது, தாண்டினோம், பெண்கள் குலவையிட்டார்கள். ரோடு எங்கேயும் வளையவில்லை, வெயில் இடப்பக்கத்து ஜன்னலை விட்டு விலகவில்லை. கொஞ்ச தூரத்தில் ஒரு ஊர் தெரிந்தது. ஒரு வேப்பமரம், ஒரு கிணறு, பந்தல்.

"இங்கயும் கல்யாணம் போல," என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. "நம்மள மாதிரியே செவ்வாழை கட்டியிருக்கான்."

பந்தலுக்கு வெளியே அண்டா கழுவிக்கொண்டிருந்த சமையல்காரர் தலையை நிமிர்த்தினார். "என்னத்த மறந்துட்டுப் போனீக?"

மறுபடி போனோம், மறுபடி அதே சமையல்காரர். மூன்றாவது தடவை அவர் அண்டாவைக் கவிழ்த்துப் போட்டுவிட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். ஜெயபாண்டி இறங்கிப் போய் ரோட்டைக் குனிந்து பார்த்தார், நானும் பார்த்தேன். தாரின் மேல் படிந்திருந்த புழுதியில் எங்கள் டயர்த் தடம் ஊரைவிட்டு வெளியே நேராகப் போயிருந்தது, ஒன்றின்மேல் ஒன்றாக. உள்ளே வந்த தடம் ஒன்றுகூட இல்லை.

தங்கப்பழத்துக்கு ரோஷம் வந்துவிட்டது, நடந்தே போகிறேன் என்று மஞ்சள்கறை வேட்டியோடு கிளம்பினான். பாலம் தாண்டியதும் முன்னால் ஒருவன் போய்க்கொண்டிருந்தானாம், அவனும் மஞ்சள்கறை வேட்டிதான், தோளில் மாலைச் சரட்டின் தடம். "ஏண்ணே, கொஞ்சம் நில்லுங்க" என்று இவன் கூப்பிட்டிருக்கிறான். இவன் கூப்பிட்ட குரல் இவனுக்குப் பின்னாலிருந்து கேட்டிருக்கிறது. திரும்பிப் பார்க்காமல் ஓடியே ஊருக்குள் வந்துவிட்டான், அதற்கப்புறம் ஒரு வாரம் அவன் யாருக்கும் முன்னாலும் நடக்கவில்லை, பின்னாலும் நடக்கவில்லை, பக்கவாட்டிலேயே நடந்தான்.

இதற்காக ஊர் கலங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். ரோடு போடுகிறவன் எங்கேயோ தப்புச் செய்திருக்கிறான், மழை பெய்தால் சரியாகிவிடும் என்றார் நாட்டாமை. மாப்பிள்ளை வீட்டாரைப் பள்ளிக்கூடத்தில் தங்கவைத்தார்கள், வாத்தியார் மரத்தடிக்குப் போனார். ஊருக்குள் வருவதற்கு ஒரு தடையும் இல்லை, போவதற்குத்தான் வழி இல்லை. ஆகவே வந்தவர்களெல்லாம் தங்கினார்கள். தபால்காரர் வந்தார், தங்கினார். பஸ்ஸைத் தேடி முதலாளி இன்னொரு பஸ்ஸை அனுப்பினார், அது வந்து எங்கள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்றது. முதலாளியே காரில் வந்தார், அதன் பக்கத்தில் நின்றார். வளையல்காரர் ஒருவர், பூச்சிமருந்து விற்கிறவர் ஒருவர், வழி தவறிய ஒரு மந்திரவாதி, இவர்களெல்லாம் ஊர்க்காரர்களாகிவிட்டார்கள். மந்திரவாதி வேலையை விட்டுவிட்டு மாடு மேய்த்தார், நன்றாகவே மேய்த்தார். பஸ் முதலாளி பீடி சுற்றக் கற்றுக்கொண்டார். சுற்றிய பீடியைக் கம்பெனிக்கு அனுப்ப வழியில்லை, ஊரே ஊதித் தள்ளியது. அந்தப் புகைகூட எல்லையைத் தாண்டாமல் பாலத்தடியில் பஞ்சுப்பொதிபோலப் படுத்துக் கிடந்தது, ஆடுகள் அதற்குள் போய் இருமிக்கொண்டு வந்தன.

பூரணம் மட்டும் சும்மா இருக்கவில்லை. சகுனம் சரியில்லை, நல்ல சகுனமாக வரவழைத்தால் வழி திறக்கும் என்றாள். சரிதான் என்று, ஒரு நாள் நிறைகுடத்தோடு சுமங்கலிகளை எதிரே நடக்கவிட்டு பஸ்ஸைக் கிளப்பினோம். பாலத்துக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்த வழி, அன்றைக்குப் பாலத்துக்கு இந்தப் பக்கமே திரும்பிவிட்டது. இன்னொரு நாள் கன்றோடு பசுவை எதிரே கொண்டுவந்தார்கள், வழி புளியமரம் வரைக்கும் சுருங்கியது. பூவும் பொட்டுமாகச் சின்னப்பிள்ளைகளை நிறுத்தியபோது கோயில் வளைவோடு நின்றது. அம்மனையே சப்பரத்தில் தூக்கிவந்து எதிரே நிறுத்திய நாளில், தெருமுனையைத் தாண்டி ஊருக்கு வெளியே ஒரு எட்டு வைத்தால் தன் வீட்டு வாசலில் தானே நிற்கிற நிலைமை வந்துவிட்டது. வயலுக்குப் போகமுடியவில்லை. ஜனங்கள் கொல்லையிலும் கூரையிலும் கீரை போட்டார்கள். தெரு, கொஞ்சம் கொஞ்சமாக, தன்னைத்தானே விழுங்குகிற பாம்புபோல ஆனது. நாட்டாமை எழுந்து நின்று, இனிமேல் நல்ல சகுனம் எதுவும் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டார்.

இவ்வளவும் நடந்துகொண்டிருக்க, செண்பகவடிவு அரங்குக்குள்ளேயே இருந்தாள். மகள் எல்லை தாண்டவில்லை, ஆகவே ஆணை முடியவில்லை. உலகம்மாளும் தங்கப்பழமும் அந்த வீட்டிலேயே இருந்தார்கள். ஜன்னல் வழியாகச் சோறு உள்ளே போகும், பீடிக்கட்டு வெளியே வரும். அந்தக் கையை மட்டும்தான் ஊர் பார்த்தது. நாளாக நாளாக அது வெளுத்துக்கொண்டே வந்தது, கடைசியில் இருட்டிலிருந்து ஒரு வெள்ளை வேர் நீண்டு வருகிற மாதிரி இருந்தது. உலகம்மாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு விடுவாள். அப்போது அவள் முழுகாமல் இருந்தாள்.

தை மாதம் வெள்ளத்துரை செத்தார். வயசாளி, ரொம்ப நாளாகப் படுக்கையில் கிடந்தவர். மனைவி சீனியம்மாளின் வளையலை உடைத்து, பாடை கட்டித் தூக்கினார்கள். தெருமுனையைத் தாண்டியதும் பார்த்தால், தூக்கினவர்கள் எல்லாரும் மறுபடி வெள்ளத்துரை வீட்டு வாசலிலேயே நின்றார்கள். இறக்கி வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாடையிலிருந்து ஒரு குரல், "கட்டை அவுத்துவிடுங்கலே, மூக்கு அரிக்கி" என்றது.

உயிர் மட்டும் வேறு ரோட்டில் போகுமா என்ன. அவர் எழுந்து காப்பி வாங்கிக் குடித்துவிட்டு, ரொம்ப அலுப்போடு சொன்னார்.

"நான் நல்லாத்தான் போனேன். நம்ம ஓடைப்பாலம்தான் அங்கயும். பாலத்து நடுவுல ஒரு பித்தளைக் குடம் இருக்கு, கழுத்துல நெளிசல், தண்ணி தளும்பத் தளும்ப. தூக்க ஆளில்ல. எனக்கு முன்னால ஒரு கூட்டமே உக்காந்திருக்கு. என்னன்னு கேட்டேன். குடத்துக்காரி எதிர வரணுமாம், வந்தாத்தான் திரும்பி ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டு நல்லாப் போகலாமாம். நம்ம ஊர்க்காரன் எவன் அப்படிச் செய்யாமப் போயிருக்கான், அந்த வழிக்கு அதுதான் தெரியும்னு சொன்னாங்க."

அந்த நெளிசல் யாருடைய குடத்து நெளிசல் என்று சொல்லவேண்டிய அவசியம் இல்லை. எத்தனையோ வருஷமாக அந்த ஊரில் முதல் புறப்பாடு புறப்பாடே இல்லை, திரும்பி வந்து தண்ணீர் குடித்துப் போகிறதுதான் புறப்பாடு. வழி அதைக் கற்றுக்கொண்டுவிட்டது. திருப்பிவிட அவள் வராததால், தானே திருப்பிவிட்டுக்கொண்டிருந்தது.

ஊரே போய் அரங்குக் கதவின் முன்னால் நின்றது. செண்பகவடிவு உள்ளேயிருந்து, "எம்பிள்ளை எல்லை தாண்டட்டும், வாரேன்" என்றாள். "நீ வந்தாத்தானே அவ தாண்டுவா" என்றார் நாட்டாமை. "நான் எதிர வந்து எவரு காரியம் விளங்குச்சு? நீங்கதானே சொன்னீக."  தாலியறுத்தவர்கள் வேறு சிலரும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கெஞ்சி ஆளுக்கொரு குடத்தைக் கொடுத்து எதிரே நடக்கவிட்டுப் பார்த்தார்கள், வழி அவர்களை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வெள்ளத்துரை செத்துச் செத்து வந்தார். ஒவ்வொரு தடவையும் சீனியம்மாளின் வளையல் உடையும், அவர் எழுந்ததும் வளையல்காரரிடம் புதுசு வாங்கிப் போடுவாள். ஊரிலேயே வியாபாரம் நடந்தது அவருக்கு ஒருத்தருக்குத்தான். "என்னைப் போகவிடுங்கலே," என்று வெள்ளத்துரை அழுவார். "ஒடம்பு நோகுது. அங்கனயும் உக்கார எடமில்ல."

ஆனி மாதம் உலகம்மாளுக்கு வலி கண்டது. அரங்குக் கதவையொட்டிக் கட்டிலைப் போட்டிருந்தார்கள். காலையில் தொடங்கிய வலி மறுநாள் உச்சிவெயிலுக்கும் ஓயவில்லை. மருத்துவச்சி வெளியே வந்து திண்டாடி நின்றாள். 

"பிள்ளை வாசல் வரைக்கும் வருது," என்றாள். "தலை தெரியுது. அப்புறம் திரும்பிப் போயிருது. இன்னும் ரெண்டு மட்டம் போச்சுன்னா தாய்க்குத் தாங்காது."

தாங்காவிட்டாலும் சாக முடியாது என்பது அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும், வெள்ளத்துரையைப்போலப் பாலத்துக்கும் கட்டிலுக்குமாக அலையவேண்டியதுதான், வயிற்றில் பிள்ளையோடு, எத்தனை காலத்துக்கென்று யாருக்குத் தெரியும்.  தங்கப்பழம் வாசலில் சுவரோடு சுவராக உட்கார்ந்து, அம்மாவைப் பார்த்தான். பூரணம் எழுந்து கதவருகே போனாள்.

"மதினி, கதவைத் திறங்க. நான் சொன்னது தப்பு."

"உங்க மேல தப்பில்ல மதினி." குரல் மிக அருகில் கேட்டது, கதவில் வாயை வைத்துக்கொண்டிருந்திருப்பாள். "நான் எதிர வந்தா ஆகாதுன்னு எனக்கே தெரியும். அவங்க அப்பா கெணத்து வேலைக்குப் புறப்பட்டப்ப எதிர வந்தவ நான்தான். தண்ணிக்குடத்தோட வந்தேன்."

பூரணம் கதவில் கையை வைத்தாள்.

"அப்ப உங்க கழுத்துல தாலி இருந்துச்சே மதினி."

உள்ளே தாழ்ப்பாளில் கை படுகிற சத்தம் கேட்டது.

"இருந்துச்சு," என்றது குரல்.

கட்டிலில் கிடந்த உலகம்மாளுக்குப் பேச மூச்சில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, கதவைப் பார்த்து, விட்டுவிட்டுச் சொன்னாள்.

"எம்மா. நான் பொறந்து மொதல்ல முழிச்சதே தாலியில்லாத உன் மூஞ்சியிலதான். நான் என்ன கெட்டுப்போனேன். என் பிள்ளை மட்டும் கெட்டுப்போகுமா. வா."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது, அது எடுபடுகிற சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. கதவு திறந்ததும் முதலில் புகையிலை நெடியும் குளிர்ச்சியும் வந்தன, அப்புறம் அவள் வந்தாள். தலை முழுக்க நரைத்துவிட்டது, தோல் காகிதமாக இருந்தது. இடுப்பில் குடம், விளிம்புவரை தண்ணீர். உள்ளே ஒரு சொம்புக்கு மேல் தண்ணீர் யாரும் கொடுத்ததில்லை. கட்டிலுக்கு எதிரே வந்தவள், பழக்கத்தில் சுவர்ப்பக்கம் திரும்பி முந்தானையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு நின்றுவிட்டாள். 

"இந்தப் பக்கம் திரும்பும்மா."

திரும்பினாள். உலகம்மாள் தாயின் முகத்தை ஒருதடவை முழுசாகப் பார்த்தாள். பிறகு அந்தக் குடத்திலிருந்து ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். திரும்பிப் போயிருந்த பிள்ளை மறுபடி புறப்பட்டது.

குழந்தையின் அழுகையும் அடுத்த தெருவிலிருந்து சீனியம்மாளின் அழுகையும் ஒரே நேரத்தில் கேட்டன, எது எங்கிருந்து வருகிறது என்று பிரிக்கமுடியவில்லை. வெள்ளத்துரை இந்தத் தடவை போயே போய்விட்டார். கடைசியாக, "அந்தா, குடத்தைத் தூக்கிட்டா" என்று சொன்னாராம். எல்லாரும் செண்பகவடிவைத் திரும்பிப் பார்த்தோம். ஒரே அடியில் ஒன்று வந்து ஒன்று போயிருந்தது. அவளும் அழுகை வந்த திசையைக் கேட்டுக்கொண்டு நின்றாள், பாவம், முகம் மறுபடி சுவர்ப்பக்கம் போகப் பார்த்தது. மருத்துவச்சி பிள்ளையைக் கொண்டுவந்து கையில் வைத்துவிட்டதால் போகவில்லை.

மறுநாளிலிருந்து தெருமுனையில் கூட்டம். செண்பகவடிவு குடத்தோடு நிற்பாள். பஸ் முதலாளியும் பூச்சிமருந்துக்காரரும் தபால்காரரும் வரிசையில் வந்து, அவள் முகத்தைப் பார்த்து, திரும்பிப் போய் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி வந்து ரோட்டில் இறங்கிப் போனார்கள். அவள் முகத்தை மூடவே இல்லை. மந்திரவாதி மட்டும் மாடுகளை விட்டுப் பிரிய மனமில்லாமல் தங்கிவிட்டார்.

கடைசியாக மாப்பிள்ளை வீட்டார் புறப்பட்டார்கள். உலகம்மாள் பிள்ளையோடு பஸ்ஸில் ஏறினாள். பூரணம் படியில் நின்றுகொண்டு, "மதினி, நீங்களும் ஏறுங்க. அங்க வந்து எங்ககூட இருங்க" என்றாள்.

"அவளை எங்க கூட்டிட்டுப் போறீக?" நாட்டாமை குறுக்கே வந்தார். "எங்க ஊரு பொம்பள. அவ இல்லாம நாங்க எப்படி வெளிய போறது?"

"பத்து மாசத்துக்கு முன்ன யாரு ஊரு பொம்பளையாம்?"

"அரங்குக்குள்ள போகச் சொன்னது நீங்கதானே, நாங்களா?"

"சுவரைப் பாத்துத் திரும்பி நிக்க வச்சது யாரு?"

இரண்டு ஊர்க்காரர்களும் அவளுக்காக அடித்துக்கொள்கிற நிலைக்கு வந்துவிட்டார்கள். செண்பகவடிவு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். குடத்தை இறக்கி ரோட்டு நடுவில் வைத்தாள். பஸ்ஸில் ஏறி முதல் சீட்டில் மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் விசில் அடித்தேன். ஜெயபாண்டி கிளப்பினார், பஸ் தெருமுனை தாண்டியது, முன்கண்ணாடியில் மறுபடி வேப்பமரமும் குடமும் வந்து நின்றன. இன்னொரு தடவை கிளப்பினார். அதே வேப்பமரம், அதே குடம்.

எல்லாரையும் அனுப்பியவளுக்கு எதிரே வர யாருமில்லை. அவள் மெதுவாக எழுந்தாள். "நான் இறங்கிக்கிடுதேன் தாயி. நீ போ" என்றாள். உலகம்மாள் அம்மாவின் சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள், மறு கையில் பிள்ளை.

அப்போது அடுத்த தெருவிலிருந்து சீனியம்மாள் வந்தாள். புருஷன் செத்துப் பதினாறு நாள்கூட ஆகவில்லை. அந்த நாட்களில் தாலியறுத்தவள் வாசலைத் தாண்டக்கூடாது, சூரியனைக்கூடப் பார்க்கக்கூடாது. நட்டநடு வெயிலில், வெறுங்கையோடு, வெறுங்கழுத்தோடு வந்தாள். அவள் மகன் பின்னாலேயே ஓடிவந்து, "எம்மா, உள்ள போ, ஊரு பாக்குது" என்றான். "பாக்கட்டும்ல," என்றாள் அவள். "உங்கப்பனை அத்தனை நாள் இழுத்துக்கிட்டுக் கிடக்க வச்சாங்களே, அப்ப பாத்துக்கிட்டுத்தானே இருந்தாங்க."

ரோட்டு நடுவில் இருந்த குடத்தைப் பார்த்தாள். அது செண்பகவடிவு தன் கையால் இறக்கிவைத்த குடம். குனிந்து தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்கு எதிரே, சுவர்ப்பக்கம் திரும்பாமல், நடந்து வந்தாள்.

ஜெயபாண்டி இன்ஜினை அணைத்தார். யாரும் யாருக்கும் சொல்லவில்லை, எல்லாரும் இறங்கினோம். செண்பகவடிவுக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் திரும்பல். தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தாள், அரங்குக் கதவு திறந்தே கிடந்தது, வெயில் உள்ளே நெல்மூட்டை வரைக்கும் போயிருந்தது. சீனியம்மாள் கையால் ஒரு வாய் தண்ணீர் வாங்கிக் குடித்தாள். 

பாலத்தைத் தாண்டும்போது யாரும் குலவைகூட இடவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஊர் வந்தது. வேப்பமரம் இல்லை, ஒரு சர்ச்சும் சோடாக்கடையும் இருந்தன.

"இது என்ன ஊரு?" என்று செண்பகவடிவு என்னிடம் கேட்டாள். சொன்னேன். அவள் அதை ஒருதடவை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அடுத்த ஊர் வந்ததும், "இது?" என்றாள். டவுன் வரைக்கும் ஒவ்வொரு ஊராகக் கேட்டுக்கொண்டே வந்தாள், நானும் ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இப்போது பொட்டல்விளாகத்தில் கல்யாணப் பத்திரிகை அடித்தால், 'எதிரே வருபவர்' என்று ஒரு பெயர் போடுகிறார்கள். அந்தக் குடம் சீனியம்மாளுக்குப் பிறகு இன்னொருத்தி, அவளுக்குப் பிறகு வேறொருத்தி என்று கைமாறி வருகிறது. வெற்றிலை வைத்து அழைக்கவேண்டும், அழைத்தாலும் நேரம் ஆகும், பிடிக்காதவன் புறப்பட்டால் அன்றைக்குக் குடத்துக்காரிக்குத் தலைவலி. ஊர் ஆண்களெல்லாம் பொண்டாட்டிமார்களிடம் ரொம்ப மரியாதையாக இருக்கிறார்கள். எந்த வீட்டில் தாலியறுத்தவள் இருக்கிறாளோ அந்த வீட்டுக்கு இப்போது மதிப்பு என்பதால், சாப்பாட்டை ஒருதடவை மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். உச்சிவெயிலில் பாலத்தைக் கடக்கிறவர்கள், நடுவில் ஒரு குடம் தளும்பிக்கொண்டு இருப்பதாகவும், பக்கத்துத் திட்டில் யாரோ நிறையப் பேர் உட்கார்ந்து எழுந்துபோன சூடு இன்னும் இருப்பதாகவும் சொல்கிறார்கள். நான் கையை வைத்துப் பார்த்திருக்கிறேன். இருக்கிறது.

யாரிடம் வேண்டுமானாலும் சொல்லுங்கள், நம்புகிறவர்களிடம் சொல்லுங்கள், நம்பாதவர்களிடம் இன்னும் நன்றாகச் சொல்லுங்கள். ஆனால் இதை அந்தப் பழைய கண்டக்டர் சொன்னான் என்று மட்டும் வாயைத் திறந்துவிடாதீர்கள். பஸ் ஸ்டாண்டில் முகம் தெரியாத எவனோ சொன்னான் என்று சொல்லிக்கொள்ளுங்கள். தங்கள் கதையை ஆம்பளை வாயால் கேட்க அந்தப் பெண்களுக்குப் பிடிக்காது, எனக்கோ அந்தப் பாலத்தின் மேல் இன்னும் ஒரே ஒரு புறப்பாடு பாக்கி இருக்கிறது.